வளையத்தின் பாதி

காலைப் படகிலிருந்து யோருன் தன் வண்டியை இறக்கியபோது ஓட்மார் துறையில் நின்றிருந்தார். கையில் காபிக் குடுவை. ரப்பர் காலணியில் செதில் ஒட்டியிருந்தது.

"பெட்டி டாக்டர் வந்தாச்சு," என்றார். "யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல. பெட்டிங்களுக்குத் தடுப்பூசி போட வந்திருக்கேன்."

"என் மீன்குஞ்சுங்களுக்கும் போட்டோம். ஒண்ணுகூட அழல."

மே மாதக் கடைசி. மலை முகட்டில் பனி இன்னும் கிடந்தது. கீழே, மலைகளுக்கிடையே நீளமாக உள்ளே நுழைந்த கடலின், ஃபியோர்டின், ஓரமாக, சால்மன் முட்டைகளைப் பொரித்துக் கடலுக்குப் போகும் அளவுக்கு வளர்க்கும் பண்ணை. மூன்று பழைய கூடங்கள். ஒரு புதுக் கூடம். புதுக் கூடத்தில் ஐந்து தொட்டிகள். அவை ஓட்மாரின் பொறுப்பு. அந்த மீன்களை முட்டையாக இருந்தபோதிலிருந்து அவர்தான் பார்த்துவந்தார். மறுநாள் கப்பல் வந்து அவற்றை ஏற்றிப்போய்க் கடல் கூண்டுகளில் விடும்.

"கப்பல் போன பிறகு செய்யக் கூடாதா?" என்று ஓட்மார் நடந்துகொண்டே கேட்டார்.

"தலைமை அலுவலகம் இந்த வாரத்துக்குள்ளன்னு சொல்லுது. பழைய மென்பொருள்ல ஓட்டை இருக்காம். யாராவது உள்ள புகுந்துடுவாங்களாம்."

"இங்கயா? இங்க வர்றதுக்கு முதல்ல படகு கிடைக்கணுமே."

யோருன் சிரித்தாள். அவளுக்கும் அது அவசரமாகத் தோன்றவில்லை. ஆனாலும் தேதி குறித்தாகிவிட்டது.

கட்டுப்பாட்டு அறைக்குப் பின்னால் ஓர் அலமாரி. அதில் நான்கு நெட்வொர்க் ஸ்விட்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பண்ணையின் ஒவ்வொரு கருவியும் அவற்றின் வழியாகத்தான் பேசியது. தொட்டியில் எவ்வளவு ஆக்சிஜன் என்று அளக்கும் கருவி, அதைக் கேட்டு வால்வைத் திறக்கும் கணினி, எல்லாம். நான்கு பெட்டிகள். ஆனால் பின்புறம் தடித்த கேபிள்களால் வளையமாகப் பிணைக்கப்பட்டு ஒரே பெட்டியைப் போல வேலை செய்தன. மேலே இருப்பது தலைவன். மேல் இரண்டு பெட்டிகள் பழைய கூடங்களைப் பார்த்துக்கொண்டன. கீழ் இரண்டு புதுக் கூடத்தை. ஒன்று படுத்தால் பக்கத்தில் இருப்பது அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் இரண்டிரண்டாக.

அவள் லேப்டாப்பைச் செருகினாள். அலமாரி துப்புரவாக இருந்தது. போன முறை கை வைத்தபோது விரல் கறுத்தது. இப்போது தூசியே இல்லை. கேபிள்கள் வகை வகையாகக் கட்டப்பட்டிருந்தன.

"யாரு பார்த்த வேலை இது?"

"டுக்னாட்," என்றார் ஓட்மார். குரலில் கொஞ்சம் பெருமை. "தேசிய நாளுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து பண்ணையைக் கழுவினோம்ல. குன்வோர் வேலிக்கு வர்ணம் அடிச்சா. எனக்கு இந்த அறை வந்துச்சு. கடைசில வாஃபிள்."

"எங்க ஆபீஸுக்கும் வாயேன்."

"வாஃபிள் போட்டா வர்றேன்."

வேலையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்திருந்தாள். அப்போது தீனி நிற்கும். மீன்கள் அமைதியாக இருக்கும். பெட்டிகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அணைந்து, புது மென்பொருளோடு எழ வேண்டும். தலைவன் கடைசியில்.

தொடங்குமுன் பெட்டி தன் நிலையைத் திரை நிறைய எழுதிக் காட்டியது. அவள் அதை மேலிருந்து அடிவரை வேகமாக ஓட்டிப் பார்த்தாள். அடியில் *தயார்* என்று இருந்தது. சரி என்று அழுத்தினாள்.

கீழ்ப் பெட்டி அணைந்தது. எழுந்தது. விளக்குகள் பச்சையாயின. கட்டுப்பாட்டுத் திரையில் புதுக் கூடத்தின் எண்கள் அசையவே இல்லை. எல்லாம் எதிர்பார்த்தபடி.

"யோருன்!" ஓட்மார் கதவருகே வந்து நின்றார். "சாப்பாடு."

"இது முடியட்டும்."

"உன்ன விட்டுட்டு நாங்க எப்படி உக்கார்றது? குன்வோர் இறால் சாலட் பண்ணியிருக்கா. பழுப்புச் சீஸ் கடைசித் துண்டு."

இங்கே யாரும் வேலை மேசையில் சாப்பிடுவதில்லை. நீண்ட மேசை ஒன்று. மேலாளரும் வலை கழுவுபவரும் அதில்தான். வராதவரைப் பற்றிப் பேச்சு வரும். யோருன் திரையை ஒருமுறை பார்த்தாள். மூன்றாவது பெட்டி தன் முறைக்குக் காத்திருந்தது. அவள் எழுந்து போனாள்.

ரொட்டியை வெண்ணெய்த்தாளிலிருந்து பிரித்தாள். குன்வோர் பண்ணையின் மேலாளர். நரைத்த குட்டை முடி. கம்பளிச் சட்டையில் வெள்ளை வர்ணத் துளிகள். கப்பல் தலைவனைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தன் நாயைக் கேட்டுத்தான் கப்பலைக் கரையில் கட்டுவானாம். சிரிப்பு அடங்குமுன் அவளுடைய தொலைபேசி மேசைமேல் அதிர்ந்தது.

"புதுக் கூடம். தொடர்பு இல்லை," என்று வாசித்தாள்.

எல்லோரும் யோருனைப் பார்த்தார்கள்.

"அது மூணாவது பெட்டி," என்றாள். "அணைஞ்சு எழும். ஒரு நொடி தடுமாறும். சரியாயிடும்."

"அப்ப காபி குடிக்கலாம்," என்றாள் குன்வோர்.

குடித்தார்கள். ஓட்மார் மட்டும் கோப்பையைத் தொடவில்லை. தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வால்வுங்க," என்றார் மெதுவாக. "தகவல் வரலன்னா மூடிக்கும்."

"மூடிக்குமா? திறந்துக்காதா?"

"மூடிக்கும். ஆக்சிஜன் கசிஞ்சு தீப்பிடிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க."

யோருன் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

அவள் அலமாரிக்கு ஓடியபோது மூன்றாவது பெட்டி எழுந்திருந்தது. விளக்குகளும் எரிந்தன. ஆனால் கீழ் இரண்டிலும் அவை ஆரஞ்சு நிறத்தில் நின்றன. லேப்டாப்பில் பெட்டிகளின் பட்டியலைக் கேட்டாள். இரண்டு என்றது. நான்கு இல்லை, இரண்டு. மற்ற இரண்டைக் காணோம்.

லேப்டாப்பின் கேபிளைப் பிடுங்கிக் கீழ்ப் பெட்டியில் நேராகச் செருகினாள். பட்டியல் கேட்டாள். இரண்டு என்றது. அதுவும் தன்னைத் தலைவன் என்றது. அதே பெயர். அதே முகவரி.

அவளுக்குப் புரிந்தது. மூன்றாவது அணைந்தபோது நான்காவது தனியாகிவிட்டது. மேலே எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தானே தலைவனாகிவிட்டது. மூன்றாவது எழுந்ததும், தன்னைப் போலவே புது மென்பொருள் கொண்ட நான்காவதோடு சேர்ந்துகொண்டது. மேலே பழையது இரண்டு. கீழே புதியது இரண்டு. ஒரே வீட்டில் இரண்டு தலைகள். அதைக் கண்டுபிடித்ததும் கீழ்ப் பாதி, கேபிள் செருகும் தன் வாசல்களையெல்லாம் தானே மூடிக்கொண்டிருந்தது. குழப்பம் வரக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார்கள். அதுவும் பாதுகாப்புக்குத்தான்.

ஆனால் ஏன் தனியானது? ஒன்று அணைந்தால் மற்றொரு பக்கமாகச் சுற்றிப் போக வழி உண்டு. அதற்குத்தான் வளையம்.

கீழ்ப் பாதியின் வாசல்களைத் திறக்கச் சொன்னாள். மறுத்தது. மறுபடி சொன்னாள். மறுத்தது. பெட்டி செய்த நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள். இசை ஓடியது. பிறகு ஒரு பெண் குரல். எங்கோ வெயில் அடிக்கும் ஊரிலிருந்து, நல்ல மரியாதையான குரல்.

"உங்க நிலைமை புரியுது மேடம். முதல்ல பதிவுக் கோப்பை அனுப்புங்க."

"அனுப்ப நேரம் இல்ல. மீன் செத்துடும்."

விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது.

"மன்னிக்கணும், என்ன சாகும்?"

"மீன். தொட்டியில. ஆக்சிஜன் இல்லாம. இந்த வாசலை மட்டும் வலுக்கட்டாயமாத் திறக்க முடியுமா?"

"பதிவைப் பார்க்காம அதை நான் சொல்லக் கூடாது மேடம். பெரிய அதிகாரிக்கு அனுப்பறேன். லைன்ல இருங்க."

இசை மறுபடி ஓடியது. யோருன் தொலைபேசியைத் தரையில் வைத்தாள். அது அங்கே பாடிக்கொண்டிருந்தது.

ஓட்மார் வாசலில் நின்றார். முழங்கைவரை நனைந்திருந்தார்.

"தண்ணி வர்ற இடத்துல எல்லாம் ஒண்ணா மொய்க்குது," என்றார். "வாயை மேல தூக்கிட்டு. புதுத் தண்ணியை முழுசாத் திறந்துட்டேன். போதல."

"கையால திறக்கிற வால்வு?"

"வந்திருக்கு. கிடங்குல பெட்டியோட இருக்கு. கோடை லீவு முடிஞ்சு மாட்டுறதா இருந்துச்சு." கூடத்தின் பக்கம் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம்?"

"தெரியல, ஓட்மார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

மேல் இரண்டு பெட்டிகளை அவள் மறுபடி பார்த்தாள். வேலை செய்துகொண்டிருப்பவை அவை மட்டும்தான். எல்லா வாசலிலும் பழைய கூடங்களின் கேபிள்கள். எதைப் பிடுங்கினாலும் அங்கே ஒரு தொட்டி நிற்கும். காலியாக இருந்தது ஒன்றுதான். சற்று முன்வரை அவளுடைய லேப்டாப் செருகியிருந்த வாசல்.

"ஒரு தொட்டியை மட்டும் மேல மாத்தலாம்," என்றாள். "ஒண்ணுதான். எது?"

ஓட்மார் அவளைப் பார்த்தார்.

"ஒண்ணா?"

"ஒரு வாசல்தான் இருக்கு."

குன்வோர் அவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். "ரெண்டு," என்றாள். "ரெண்டாவது தொட்டி. அதுலதான் நிறைய இருக்கு."

ஓட்மார் கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"ஓட்மார். சொல்லு."

"நாலு."

"நாலுலதான் எல்லாத்தையும்விடக் கம்மி," என்றாள் குன்வோர்.

"ஆமா."

குளிர்காலத்தில் நான்காவது தொட்டிக்கு நோய் வந்திருந்தது. பாதி போயிற்று. ஓட்மார் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மிச்சத்தைத் தேற்றினார். எல்லோருக்கும் அது தெரியும். குன்வோர் தலையசைத்தாள்.

"உன் மீன்தானே," என்றாள்.

யோருன் நான்காவது தொட்டியின் கேபிளை எடுத்து மேலே செருகினாள். கட்டுப்பாட்டுத் திரையில் ஒரு கட்டம் மட்டும் சாம்பலிலிருந்து சிவப்பானது. எண் தெரிந்தது. மிகச் சின்ன எண். பிறகு அது ஏறத் தொடங்கியது. ஓட்மார் கூடத்துக்கு ஓடினார்.

பெட்டிகளின் பின்புறம் போக இடம் இல்லை. அவள் தரையில் படுத்து, கைவிளக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு தடித்த கேபிள். இரண்டிலிருந்து மூன்றுக்கு. மூன்றிலிருந்து நான்குக்கு. நான்கிலிருந்து மேலே திரும்பி முதலுக்குப் போகவேண்டிய நீளக் கேபிள் இல்லை. அது இருக்கவேண்டிய துளையில் நீல நிற மூடி. தூசி போகாமலிருக்கப் போடும் மூடி. ஒழுங்காக, கச்சிதமாக அழுத்தியிருந்தது. மேலே முதல் பெட்டியிலும் அதே போல.

எழுந்தாள். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு கொக்கி. அதில் அந்தக் கேபிள் தொங்கியது. படகுக் கயிற்றைச் சுற்றுவதுபோல எட்டு வடிவில் சுற்றி, நடுவில் ஒரு சுற்று இறுக்கி, நுனியைச் செருகியிருந்தது. இந்தக் கரையில் எல்லோரும் கயிற்றை அப்படித்தான் சுற்றுவார்கள். மேலே ஒரு துண்டு ஒட்டுத்தாள்: *உபரி.*

காலையில் கதவைத் திறந்தபோதும் அது அங்கேதான் தொங்கியிருக்கும்.

மூடிகளைப் பிடுங்கினாள். கேபிளைப் பிரித்துச் செருகினாள். வளையம் மூடியது. பெட்டிகள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. மேலிருந்த தலைவன் கீழ் இரண்டையும் பார்த்து, மென்பொருள் வேறாக இருக்கிறதே என்றான். தன்னிடமிருந்த பழையதை அவற்றுக்குள் எழுதத் தொடங்கினான். திரையில் ஒரு கோடு தோன்றியது. இடமிருந்து வலமாக நீள வேண்டிய கோடு.

அது நீளவில்லை. பிறகு கொஞ்சம் நீண்டது.

இனி அவள் செய்ய ஒன்றுமில்லை. எழுதும்போது நிறுத்தினால் பெட்டி கல்லாகிவிடும். பிறகு அதை யாராலும் எழுப்ப முடியாது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். தரையில் தொலைபேசி பாடிக்கொண்டிருந்தது.

ஓட்மார் திரும்பி வந்தார்.

"நாலு பரவாயில்ல," என்றார். "மீனெல்லாம் கீழ இறங்குது. மத்ததுல—" அவர் முடிக்கவில்லை. "இது எதுவரைக்கும் வந்திருக்கு?"

அவள் திரையைக் காட்டினாள். அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"இதைத் தள்ள முடியாதா?"

"முடியாது."

"பிடுங்கிட்டுத் திரும்ப மாட்டினா?"

"மொத்தமாப் போயிடும்."

"வேற ஏதாவது?"

"இல்ல."

அவர் தலையாட்டினார். நிமிர்ந்தபோது அலமாரிக் கதவு கண்ணில் பட்டது. வெறும் கொக்கி. ஒட்டுத்தாள் தரையில் கிடந்தது. அவர் அதை எடுத்தார்.

"இங்க ஒண்ணு மாட்டியிருந்தேனே."

யோருன் கைவிளக்கை அணைத்து வைத்தாள்.

"அடியிலிருந்து உச்சிக்குப் போச்சு. சும்மா ஒரு சுத்து. வழியில தொங்கிட்டு. தூசி துடைக்க இடைஞ்சலா இருந்துச்சு." அவர் ஒட்டுத்தாளை விரலில் ஒட்டினார். பிரித்தார். "எடுத்துட்டு முன்னாடி அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். நல்லாப் பார்த்தேன், யோருன். ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகாது," என்றாள். "அதான் அதோட வேலை."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். கை தானாகத் திரையை மேலே ஓட்டியது. தொடங்குமுன் பெட்டி எழுதிக் காட்டிய பக்கம் இன்னும் இருந்தது. நீண்ட பக்கம். நடுவில் ஒரு வரி. *வளையம்: பாதி.* அடியில் *தயார்*. அந்த வரியைத் தாண்டித்தான் அவள் அடிக்குப் போயிருந்தாள்.

"இங்க பாரு," என்றாள்.

ஓட்மார் பார்த்தார். "எனக்கு இது புரியாது."

"பாதின்னு போட்டிருக்கு. தொடங்கறதுக்கு முன்னாடியே போட்டிருக்கு. நான் படிக்கல."

அவர் அந்த வரியை நெடுநேரம் பார்த்தார்.

"நான்தான் சாப்பிடக் கூப்பிட்டேன்," என்றார்.

"அதுக்கு முன்னாடி, ஓட்மார். நீ கூப்பிடறதுக்கு முன்னாடியே."

இருவரும் கோட்டைப் பார்த்தார்கள். கோடு பாதியைத் தாண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் புதுக் கூடம். அங்கிருந்து முதலில் சத்தம் வந்துகொண்டிருந்தது. நீர்ப்பரப்பில் ஆயிரக்கணக்கான உடல்கள் அடித்துக்கொள்ளும் சத்தம். மழை போல. அதை இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது, அது குறையத் தொடங்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஓட்மார் வெளியே போகவில்லை. போய்ச் செய்ய ஒன்றுமில்லை. கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். சத்தம் மேலும் குறைந்தது.

"ஹலோ? மேடம்?" என்றது தரையில் கிடந்த தொலைபேசி. "லைன்ல இருக்கீங்களா? பெரிய அதிகாரி வந்துட்டார்."

யோருன் அதை எடுத்தாள். "நன்றி. இப்ப வேண்டாம்," என்றாள். அணைத்தாள்.

கோடு முடிந்தது. கீழ் இரண்டு பெட்டிகளும் அணைந்தன. எழுந்தன. பட்டியல் கேட்டாள். நான்கு. ஒரு தலைவன். வளையம் முழு. விளக்குகள் வரிசையாகப் பச்சையாயின.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து குன்வோர் கத்தினாள். "வந்துடுச்சு! அஞ்சும் வந்துடுச்சு!"

யோருன் எழுந்து போனாள். திரையில் ஐந்து கட்டங்கள். சாம்பல் போயிற்று. சிவப்பு. வால்வுகள் திறந்தன. எண்கள் ஏறின. நான்காவது தொட்டியில் எண் ஏற்கெனவே ஏறி நின்றுகொண்டிருந்தது. மற்ற நான்கில் வேகமாக ஏறின. சிவப்பு மஞ்சளாயிற்று. மஞ்சள் பச்சையாயிற்று.

"பாரேன் எப்படி ஏறுதுன்னு," என்றாள் குன்வோர். அவள் கண்கள் நனைந்திருந்தன. "ஓட்மார்! வந்து பாரு! நாலைவிட வேகமா ஏறுது!"

ஓட்மார் வந்து நின்றார். பார்த்தார். எண்கள் நான்காவதைத் தாண்டிப் போயின. இன்னும் மேலே போயின.

"இவ்வளவு நல்லா என்னைக்குமே இருந்ததில்ல," என்றாள் குன்வோர்.

"இல்ல," என்றார் ஓட்மார். "இருந்ததில்ல."

அவர் குரலைக் கேட்டு அவள் திரும்பினாள்.

"யாரும் மூச்சு விடல, குன்வோர்," என்றார். "அதான் ஏறுது."

திரை முழுக்கப் பச்சை. எந்தக் கட்டத்திலும் எச்சரிக்கை இல்லை. யோருன் செய்ய வந்த வேலைக்கு அதுதான் அடையாளம். எல்லாம் பச்சையானால் முடிந்தது.

குன்வோர் தொலைபேசியை எடுத்துக் கப்பலை அழைத்தாள். நாளைக்கு ஒரு தொட்டிதான் என்றாள். இல்லை, தவறாகக் கேட்கவில்லை, ஒன்றுதான். கப்பல்காரன் ஏதோ கேட்டான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலியில் புது வர்ணம் வெயிலில் பளிச்சென்றிருந்தது.

யோருன் புதுக் கூடத்துக்குப் போனாள். போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். முதல் தொட்டியில் வெள்ளி நிறம் பரப்பு முழுவதும் கிடந்தது. எல்லாம் வயிற்றைக் காட்டியபடி, ஓடும் நீரோடு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் அடர்த்தியாக மேலே வந்துகொண்டிருந்தன.

பழைய கூடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. கைகளில் நீண்ட பிடி வைத்த வலைகள், பெரிய வாளிகள், ரப்பர் மேற்சட்டைகள். சாப்பாட்டு மேசையில் இருந்த அதே ஆட்கள். தேசிய நாளுக்கு முன் வேலிக்கு வர்ணம் அடித்த அதே ஆட்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று அள்ளத் தொடங்கினார்கள்.

ஓட்மார் நான்காவது தொட்டியருகே போனார். உள்ளே எட்டிப் பார்த்தார். கையை நீரில் விட்டார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்து உதறிக்கொண்டு இரண்டாவது தொட்டிக்கு வந்தார். அதில்தான் நிறைய இருந்தன.

அவரிடம் இரண்டு வலைகள் இருந்தன. ஒன்றை யோருனிடம் நீட்டினார்.

"படகுக்கு நேரமாச்சுன்னா போ," என்றார்.

அவள் வலையை வாங்கிக்கொண்டாள்.